இரவல் சட்டையில் ஒரு வெற்றி: மேற்கிந்தியத் தீவுகள் மீண்டும் எழுமா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விழுந்த குழு மீண்டும் எழுமா?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதற்கு மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் குழுவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2006 செப்டம்பரில் அந்தக் குழு நம் கோலாலம்பூருக்கே வந்தது. ஆஸ்திரேலியா, இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றும் கின்ராரா திடலில் மோதின. அப்போது நான் பள்ளி மாணவன். இந்தியா இல்லாத இறுதியாட்டத்துக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. "லாரா விளையாடுறார்டா, வா" என்று அப்பாதான் இழுத்துச் சென்றார். அன்று மேற்கிந்தியத் தீவுகள் 127 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: "எப்படி இருந்த குழு!"

எப்படி இருந்த குழு அது? முதலில் அதைப் பார்ப்போம்.

அசைக்க முடியாத 15 ஆண்டுகள்

1975, 1979 ஆகிய முதல் இரண்டு உலகக் கிண்ணங்களும் அவர்களுக்கே. 1980 முதல் 1995 வரை, 15 ஆண்டுகள், ஒரு டெஸ்ட் தொடரைக்கூட அவர்கள் இழக்கவில்லை. 1984-இல் இங்கிலாந்துக்குச் சென்று, இங்கிலாந்தையே 5-0 என்று தோற்கடித்தார்கள். ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல் எனப் பந்து வீச ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். மட்டையைப் பிடித்தால் ரிச்சர்ட்ஸ், கிரீனிட்ஜ், லாயிட்.

இது இயற்கையாக அமைந்த திறமை என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அன்று. 1975-76-இல் இதே குழு ஆஸ்திரேலியாவில் 5-1 என்று படுதோல்வி கண்டது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தலைவர் கிளைவ் லாயிட் நான்கு வேகப் பந்து வீச்சாளர்கள் என்ற வியூகத்துக்கு மாறினார். 1977-இல் தொடங்கிய கெர்ரி பேக்கரின் போட்டிகளில் அவர்களுக்கு உழைப்புக்கேற்ற சம்பளம் கிடைத்தது. டென்னிஸ் வெய்ட் என்ற கண்டிப்பான உடற்பயிற்சியாளரும் கிடைத்தார். திறமை முன்பும் இருந்தது. பயிற்சியும் மரியாதையும் பிறகுதான் வந்து சேர்ந்தன.

கரும்புத் தோட்டத்துத் திடல்

இன்னும் பின்னோக்கிப் போவோம். இந்தப் பகுதி நமக்கு நெருக்கமானது.

தென்னமெரிக்கக் கரையில் உள்ள கயானாவுக்கு 1838 முதல் இந்தியத் தொழிலாளர்கள் கப்பலில் கொண்டு செல்லப்பட்டார்கள். மதராஸிலிருந்தும் கப்பல்கள் சென்றன. நம் முன்னோர் இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்ததைப் போல, அவர்கள் அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். அந்நாட்டின் பெர்பிஸ் வட்டாரத்தில் போர்ட் மோரன்ட் என்று ஒரு கரும்புத் தோட்டம்.

1954-இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கிளைட் வால்காட் கயானாவுக்குச் சென்றார். சர்க்கரை உற்பத்தியாளர்கள் அவரை வேலைக்கு அமர்த்தினார்கள். தோட்டம் தோட்டமாகச் சென்று கிரிக்கெட்டை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. சில ஆண்டுகளிலேயே போர்ட் மோரன்ட் என்ற அந்த ஒரு தோட்டத்திலிருந்து ரொஹான் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் என்று மூன்று பேர் மேற்கிந்தியக் குழுவில் இடம்பிடித்தார்கள். கன்ஹாயும் சாலமனும் இந்திய வம்சாவளியினர்.

1960 டிசம்பர், பிரிஸ்பேன் திடல். ஒரு முழுத் தொடருக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவரான ஃபிராங்க் வோரல்தான் குழுத் தலைவர். கடைசி ஓவர். இரு தரப்பு ஓட்டங்களும் சமம். ஆஸ்திரேலியாவுக்குக் கைவசம் ஒரே விக்கெட். அவர்கள் வெற்றி ஓட்டத்துக்கு ஓடுகிறார்கள். பக்கவாட்டிலிருந்து சாலமன் எறிந்த பந்து நேராக விக்கெட்டைத் தட்டியது. டெஸ்ட் வரலாற்றிலேயே சமநிலையில் முடிந்த முதல் ஆட்டம் அதுதான். அந்த எறிக்குப் பின்னால் ஒரு தோட்டத்துத் திடலும், அங்கே போய் உழைத்த ஒருவரும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரிவுக்கு யார் காரணம்?

1995-இல் சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் தொடரை இழந்ததும் சரிவு தொடங்கியது. 2004-இல் இங்கிலாந்துக்கு எதிராக 47 ஓட்டங்களில் சுருண்டார்கள். 2023-இல் ஸ்காட்லாந்திடம் தோற்று, ஒருநாள் உலகக் கிண்ணத்துக்கே முதன்முறையாகத் தகுதி பெறாமல் போனார்கள்.

இளைஞர்கள் கூடைப்பந்தாட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று வழக்கமாக ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. அப்படியானால் 2016-இல் ஆண்கள், பெண்கள் டி20 உலகக் கிண்ணங்களையும், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது எப்படி? திறமை வற்றிவிடவில்லை.

வற்றியது நம்பிக்கை. சம்பளத் தகராறு 1998-இல் தென்னாப்பிரிக்கப் பயணத்தையே நிறுத்தப் பார்த்தது. அந்தத் தொடரில் 5-0 தோல்வி. 2009-இல் முன்னணி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, வலுவிழந்த குழு சொந்த மண்ணில் வங்காளதேசத்திடம் தொடரை இழந்தது. 2014-இல் இந்தியப் பயணத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். வாரியமும் ஆட்டக்காரர்களும் இப்படி இழுபறியில் இருக்க, டி20 லீக் போட்டிகள் நல்ல ஊதியத்தோடு காத்திருந்தன. வயிற்றுப் பிழைப்பைப் பார்ப்பவரைக் குறை சொல்வது எளிது.

பணமும் ஒரு காரணம்தான். 2024 முதல் 2027 வரை அனைத்துலக கிரிக்கெட் மன்றம் பகிர்ந்தளிக்கும் வருமானத்தில் இந்தியாவுக்கு 38 விழுக்காட்டுக்கும் மேல். மேற்கிந்தியத் தீவுகளுக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தத் தொகையில் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் கிரிக்கெட்டை நடத்த வேண்டும்.

இரவல் சட்டை

2024 ஜனவரி 28. அதே பிரிஸ்பேன் திடல். முதல் நாள் மாலை மட்டையாடும்போது கால் விரலில் அடிபட்ட ஷமார் ஜோசப், இன்று ஆடப்போவதில்லை என்று எண்ணித் தம் ஆட்டச் சட்டைகூட இல்லாமல் திடலுக்கு வந்தார். பிறகு சக ஆட்டக்காரரின் சட்டையை வாங்கி, அதிலிருந்த பெயரை நாடாவால் மறைத்துக்கொண்டு பந்து வீசினார். 68 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். 8 ஓட்டங்களில் வெற்றி. 1997-க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் மேற்கிந்தியத் தீவுகள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. வர்ணனை அறையில் லாரா கண்ணீர் விட்டார்.

ஷமாரும் பெர்பிஸ் வட்டாரத்துப் பிள்ளைதான். பாரகாரா என்ற அவருடைய கிராமத்துக்கு ஆற்றில் படகில்தான் போக வேண்டும். சிறுவயதில் எலுமிச்சையும் கொய்யாவும்தான் பந்து. பாதுகாவலர் வேலை பார்த்தவர், 2023-இல்தான் முதல்தர ஆட்டத்துக்கே வந்தார்.

"மீண்டும் எழுந்துவிட்டார்கள்!" என்று உலகமே எழுதியது. ஆனால், 2025 ஜூலையில் ஜமைக்காவில் அதே ஆஸ்திரேலியாவிடம் 27 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார்கள். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது மிகக் குறைந்த எண்ணிக்கை. இத்தனைக்கும் அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களில் ஷமார் எடுத்தது 22 விக்கெட்டுகள். தனிமரம் தோப்பாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வாரியம் லாயிட், ரிச்சர்ட்ஸ், லாரா ஆகியோரை அவசரக் கூட்டத்துக்கு அழைத்தது. நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், 1954-இல் வால்காட் பார்த்த வேலையை இன்று யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். சாலமனைத் தேடித் தோட்டத்துக்கே ஒருவர் போனார். ஷமாரோ தாமே ஆற்றைக் கடந்து வர வேண்டியிருந்தது. கடக்க முடியாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

எழ வேண்டும் என்று நாம் ஏன் விரும்ப வேண்டும்? அந்தத் தீவுகள் 1958-இல் ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. 1962-இல் அது கலைந்தது. தனித்தனி நாடுகள், தனித்தனிக் கொடிகள். கிரிக்கெட் குழு மட்டும் கலையவில்லை. ஆட்டத்துக்கு முன் அவர்களுக்காக ஒலிப்பது எந்த நாட்டின் தேசிய கீதமும் அன்று, டேவிட் ரடர் பாடிய ஒரு கலிப்சோ பாடல். அந்த மக்கள் "நாங்கள்" என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருக்கும் சிலவற்றுள் இந்தக் குழுவும் ஒன்று.

பிரிஸ்பேன் வெற்றியன்று அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "பார்த்தேன்டா" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பையனுக்கு அடுத்து யாரு?"

அதுதான் என் கேள்வியும். விடையைத் திடலில் அல்ல, அந்த ஆற்றங்கரைக் கிராமங்களில் தேட வேண்டும்.