25 பைசா ஆறுமணிக்குருவி

1975 ஏப்ரல் 28 அன்று நான்கு பறவைத் தபால்தலைகள் வெளியாயின. 2 ரூபாய்க்கு இமயமலை மோனால், 1 ரூபாய்க்கு மேற்கு டிராகோபான், 50 பைசாவுக்குக் கருந்தலை மாங்குயில், 25 பைசாவுக்கு ஆறுமணிக்குருவி. அன்று சாதாரண உறைக் கடிதத்துக்கு 25 பைசா தலை போதும். அதனால் வீடு வீடாகப் போகும் வேலை ஆறுமணிக்குருவிக்கு வாய்த்தது.

அந்தக் குருவிக்குத் தெற்கு தெரிந்த திசைதான். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் இறங்கும். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். தோப்பின் சருகைக் கிளறிப் புழு தேடும். விடியலிலும் அந்தியிலும் குரல் மட்டும் கேட்கும். ஆள் லேசில் அகப்படாது.

தலை வந்த வழி வேறு. அன்றைய இந்தியத் தலைகள் நாசிக்கின் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சாயின. அங்கிருந்து தாள்தாளாகத் தலைமை அஞ்சலகங்களுக்கு வந்து, பல்லோரம் கிழிபட்டு, நாக்கு ஈரத்தில் உறையில் ஒட்டிக்கொண்டது. சென்னையில் போட்ட கடிதம் மெயின் லைன் ரயிலில் விழுப்புரம், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் என்று வரும். அன்று ஓடும் பெட்டியிலேயே ரயில் அஞ்சல் சேவை (ஆர்.எம்.எஸ்.) ஊழியர்கள் ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டுவார்கள். 1972இல் பின்கோடு வந்தபின், கும்பகோணத்தை அடுத்த எங்கள் சுவாமிமலைக்கு 612302.

கடிதத்தைப் படித்து முடித்தால் பெரியவர்களுக்கு உறை குப்பை, சேகரிப்பவருக்குச் சரக்கு. தலையைச் சுற்றி விரலகலம் விட்டு வெட்ட வேண்டும். பல் ஒன்று போனாலும் மதிப்பு போச்சு. குருவியின் முகத்தில் முத்திரை மை அப்பியிருந்தாலும் அப்படியே. வெட்டிய துண்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் கோந்து கரைந்து தலை தானாகக் கழன்று வரும். ஒற்றுத்தாளில் கவிழ்த்துக் காயவைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சுருளாது.

சுவாமிமலையில் இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம். இங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் நிற்கும். மெழுகு போனால்தான் சிலை. கோந்து போனால்தான் ஆல்பத்துத் தலை.

இந்தக் கணக்கு ஒருமுறை தவறியது. 1994 நவம்பரில் அருகிவரும் நீர்ப்பறவைகளுக்கென்று நான்கு தலைகள் வந்தன: அந்தமான் கிளுவை, கீழை வெண்நாரை, கருங்கழுத்துக் கொக்கு, இளஞ்சிவப்புத் தலை வாத்து. தண்ணீர் பட்டால் மை கரைந்தது. அஞ்சல் துறை அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாத்தையோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் யாரும் உறுதியாகக் கண்டதில்லை. தலையும் அரிதாகிப் போனது.

ஆறுமணிக்குருவி இன்றும் சில்லறை விலைக்குக் கிடைக்கும். புதிதாகச் சேர்ப்பவர் அதில் தொடங்கலாம். நீர்ப்பறவை ஒட்டிய பழைய உறை கைக்கு வந்தால் மட்டும், கிண்ணத்துப் பக்கம் போகாமல் உறையோடு வைத்துக்கொள்ளுங்கள்.