சட்டம் வருமுன் புத்தகம் எழுதியவர்



போன வாரம் பென்னாகரம் பக்கமிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்கிறார் அந்த அம்மா. "நீங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க" என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நா. விஜயசங்கர் என்று ஒருவர். 'நாவி' என்றால் கணினித் துறையில் பலருக்குத் தெரியும். வங்கி அதிகாரியாக இருந்து, பிறகு இணையக் குற்றம், தகவல் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆலோசகர் ஆனவர். இந்திய இணையச் சட்டங்கள் பற்றி 1999லேயே புத்தகம் எழுதினார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2000 அக்டோபர் 17ல்தான். பாடத்திட்டம் வருவதற்கு முன்பே நோட்ஸ் எழுதிய வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

2004 பிப்ரவரி. கிருஷ்ணகிரி நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த அதே மாதம். சென்னையில் ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுவில் எவனோ ஆபாசமாக எழுதிப்போட, அவருக்குக் கண்டவர்களிடமிருந்தெல்லாம் போன் வந்தது. போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது. ஆனால் திரையில் இருப்பதை நீதிமன்றத்தில் எப்படிக் காட்டுவது? அந்தப் பெண்ணே எழுதியிருக்கலாம் என்றுகூட எதிர்த்தரப்பு வாதாடியது. (எந்தக் காலத்திலும் பழி பெண் தலையில்தான்.) சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி அந்தப் பக்கங்களை அச்செடுத்து, சான்றளித்து, சாட்சி சொன்னவர் நாவி. அதே ஆண்டு நவம்பர் 5ல் எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள்.

என் மாணவனுக்கு வேண்டியது அடுத்த வழக்கு. வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடியில் வங்கிக் கணக்கு. 2007ல் அதிலிருந்து சுமார் ஆறரை லட்சம் ரூபாய் களவுபோனது. போலி மின்னஞ்சலை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தப்பு என்றது வங்கி. வாடிக்கையாளர் பக்கம் நின்று வாதாடியவர் நாவி. வங்கிக்குள் இருந்தவர் அல்லவா, எந்த இடத்தில் காவல் இல்லை என்று அவருக்குத் தெரியும். இத்தகைய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலருக்கு உண்டு. அவர் 2010 ஏப்ரலில், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 12.85 லட்சம் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டார். மேல்முறையீடு என்று அதன் பிறகும் பல ஆண்டு இழுத்தது வேறு கதை.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கியே விதி போட்டது. வாடிக்கையாளர் மேல் தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்து, மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். தப்பு வாடிக்கையாளர் மேல் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

நல்லவேளை, அவன் அன்றைக்கே 1930க்குப் போன் செய்துவிட்டான். குறுஞ்செய்திகளை அழிக்காதே, புகாரை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கு என்றேன். வெள்ளிக்கிழமை வங்கிக்கு நானும் கூடப் போகிறேன்.