குறுக்கிடும் ஃபுளூரைடு: ஒகேனக்கல் நீரும் இளநிலை வேதியியல் ஆய்வகமும்

தமிழ்நாட்டில் இளநிலை வேதியியல் படித்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு மறக்காது. பொட்டலத்தில் ஒரு பொடி. அதில் இரண்டு நேரயனிகள், இரண்டு எதிரயனிகள். எதிரயனிகளில் ஒன்று ‘குறுக்கிடும்’ வகையைச் சேர்ந்தது: ஆக்சலேட், போரேட், பாஸ்பேட், ஃபுளூரைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஃபுளூரைடு அமைந்துவிட்டால் அடர் கந்தக அமிலத்தோடு சூடாக்கும்போது சோதனைக்குழாயின் உட்சுவர் எண்ணெய் பூசியதுபோலாகும். கண்ணாடிக்கோலின் நுனியில் தொங்கும் நீர்த்துளி வெண்மையாகத் திரளும். கண்டறிந்தபின் அதை விரட்ட வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித் திரும்பத் திரும்ப வற்றவைக்காவிட்டால், மூன்றாம் தொகுதிக்காகக் கரைசலைக் காரமாக்கும்போது கால்சியமும் அதன் இனத்தவையும் தம் முறை வருமுன்பே ஃபுளூரைடுகளாக வீழ்படிந்துவிடும். பதிவேட்டில் ஃபுளூரைடின் கதை அத்தோடு முடிகிறது. அது ஒரு தொல்லை, நீக்கியாயிற்று.

பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அந்தக் கதை அங்கே முடிவதில்லை. அவர் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்திருக்கிறது. அவர் வயதொத்தவர்களின் பற்களில் பழுப்புக் கோடாகப் படிந்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து நீர் எடுக்கும் பெருந்திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளூரோசிஸ் தணிப்பு’ என்னும் தொடர் உண்டு. ஜப்பானியக் கடனுதவியோடு, 1928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு மாவட்டத்தின் பொதுப்பணிச் செலவையே திருப்பிய அயனியை அம்மாவட்டத்து வேதியியல் பட்டதாரி வெறும் குறுக்கீடாக மட்டும் அறிந்து வெளியேறுகிறார். இந்த வட்டாரத்துச் சிறு கிறித்தவக் கல்லூரிகள் ஃபுளூரைடைத் தம் பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் சொல்லும் காரணம் சேவையன்று. வேதியியல்தான்.

ஆய்வகத்தில் தொல்லையாகத் தோன்றும் வினையே நிலத்தடியில் ஃபுளூரைடின் அளவுக்கு வரம்பு கட்டுகிறது. கால்சியம் ஃபுளூரைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 4 × 10⁻¹¹. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடின நீரில் ஃபுளூரைடு ஏறத்தாழ 2.4 மில்லிகிராமைத் தாண்டினால் வீழ்படியத் தொடங்கும். கால்சியம் 10 மில்லிகிராமாகக் குறைந்தால் அந்த எல்லை 7.6 மில்லிகிராமுக்கு உயர்கிறது. அயனிகளின் செயலூக்கத்தைக் கணக்கில் சேர்க்காத எளிய மதிப்பீடுதான். ஆனாலும் முதலாண்டு மாணவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடியது. பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கிச் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியத்தைக் கார்பனேட்டாக இழந்த நீர் ஏன் ஃபுளூரைடைத் தாங்கி நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். பருப்பு நன்றாக வேகும் மென்னீர் நல்ல நீர் என்ற வீட்டு நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது. பயோடைட், ஹார்ன்பிளெண்ட் ஆகிய கனிமங்களில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளூரைடு அமர்ந்திருப்பதும், அபடைட்டில் அது கால்சியம் பாஸ்பேட்டோடு பிணைந்திருப்பதும் கனிம வேதியியல் வகுப்புக்கு உரியவை. அந்த அபடைட்டின் நெருங்கிய உறவுதான் பல்லின் எனாமல். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவோர் பார்த்துச் செல்லும் பாறைகளுக்கிடையே ஏறத்தாழ 240 கோடி ஆண்டு பழைய கார்பனடைட்டு என்னும் கார்பனேட்டுத் தீப்பாறையும் உண்டு. ஒப்பீட்டு உப்பாகப் புட்டியில் வரும் பொருளைவிட அது பாடத்துக்கு நெருக்கமானது.

வேதியியலுக்கும் வாழ்க்கைத் தேவைக்கும் இடையிலான இந்தப் பிளவு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. தமிழில் மேனாட்டு வேதியியல் மிஷன் கல்வியின் வழியே நுழைந்தபோது அது மருத்துவத்தின் துணையாக வந்தது. 1847 இல் இலங்கை வந்து மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழில் கொண்டுவந்த அதே முனைப்பில் ‘கெமிஸ்தம்’ நூலையும் 1875 இல் வெளிக்கொணர்ந்தார். அவருடைய மாணவருக்கு அமிலமும் உப்பும் நோயாளியின் படுக்கையருகே பயன்படும் அறிவு. பின்னர்ப் பல்கலைக்கழகத் தேர்வுகள் வலுப்பெற்றபோது வேதியியல் தனித் தாளாயிற்று, தனித் துறையாயிற்று. அதனால் கிடைத்த ஆழத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கிறித்தவக் கல்லூரிகள் தம் பிறப்புக் குறிப்பில் எழுதிவைத்த சமூகக் கடமை ஆய்வகத்தைவிட்டு வெளியேறி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குடியேறியது. முகாமில் ஃபுளூரைடு பற்றிப் பதாகை பிடிக்கும் மாணவர் திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்து அதே ஃபுளூரைடை விரட்டுகிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பதாகை பிடிக்க வேதியியல் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

திருப்பத்தூரில் 1951 இல் சலேசிய சபையார் நிறுவிய தூய நெஞ்சக் கல்லூரி போன்றவை இவ்வட்டாரத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியவை. சென்னை, மதுரைப் பெருங்கல்லூரிகளின் கருவிகளோடு போட்டியிடுவது இத்தகைய கல்லூரிகளுக்கு இயலாது, வேண்டியதுமில்லை. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியில் நீர் கொண்டுவந்தால் போதும். ஃபுளூரைடு தரக்கரைசலையும் மாதிரியையும் பிளாஸ்டிக்கில் வைப்பது ஏன் என்ற கேள்வியே ஒரு வகுப்பு. சிர்கோனியச் சாயம் வெளுப்பதை 570 நானோமீட்டரில் நிறமானியால் அளக்கும் முறைக்குப் பெருஞ்செலவில்லை. லாந்தனம் ஃபுளூரைடு படிகம் கொண்ட மின்வாய் ஒன்றிருந்தால் இரு முறைகளையும் ஒப்பிடலாம். நாக்பூர்த் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறைப்படி படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கித் தெளியவைத்து மறுபடி அளக்கலாம்.

பாடம் உண்மையில் திறப்பது அந்த மறு அளவீட்டில்தான். படிகாரத்திலிருந்து நீரில் எஞ்சும் அலுமினியம் ஃபுளூரைடைப் பிணைத்துக்கொள்வதால், தக்க தாங்கல் கரைசல் சேர்க்காமல் அளந்தால் ஃபுளூரைடு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சுத்திகரிப்பு வெற்றி பெற்றதுபோல் எண் காட்டும். நீரோ அந்த அளவுக்கு மாறியிருக்காது. உப்புப் பகுப்பாய்வில் ஃபுளூரைடு குறுக்கிட்டது. இங்கே ஃபுளூரைடின் அளவீட்டில் அலுமினியம் குறுக்கிடுகிறது. குறுக்கீடு ஓர் அயனியின் குணமன்று, நாம் கேட்கும் கேள்விக்கும் கரைசலுக்கும் இடையே உள்ள உறவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். உப்புப் பகுப்பாய்வை நீக்கிவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இதை வைத்தால் அதுவும் விளங்கும்.

காவிரி நீர் வந்துவிட்ட பிறகு இது பழங்கதை அல்லவா என்று கேட்கப்படலாம். குழாய் வந்த ஊரிலும் ஆழ்துளைக் கிணறு மூடப்படுவதில்லை. ஆற்றுநீர் வராத நாளில் மக்கள் அதைத்தான் நாடுகிறார்கள். தவிர, பாறையோடு நெடுங்காலம் உறவாடாத ஆற்றுநீரும் உறவாடிய நிலத்தடி நீரும் ஒரே தெருவில் கிடைப்பது ஆய்வாளருக்கு எளிதில் வாய்க்காத ஒப்பீடு. பாடத்திட்டம் இடம் தருமா என்பது இன்னும் கடினமான கேள்வி. 1978 முதல் தமிழ்நாட்டில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்குத் தம் செய்முறைத் தாளைத் தாமே வகுக்கும் உரிமை உண்டு. அதைப் பெற்றவற்றில் பலவும் பழைய பொட்டலங்களையே தொடர்கின்றன என்பது என் மதிப்பீடு. காரணம் சட்டமன்று, தேர்வாளரின் வசதி. இணைவுக் கல்லூரிகள் பல்கலைக்கழகத் தாளுக்குக் கட்டுப்பட்டவை. அவை குழுச் செயல்திட்டத்தின் வழியே இதைச் செய்யலாம், மதிப்பெண் குறைவாக இருந்தாலும்.

இரண்டு எச்சரிக்கைகள் இத்திட்டத்தின் உள்ளேயே அடங்க வேண்டும். பற்களைப் பார்த்து மாதிரி சேகரிக்கக் கூடாது. 1937 இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளூரோசிஸை விவரித்த ஷார்ட் குழுவினருக்கு உடல்கள் சான்றாயின, அவர்கள் மருத்துவர்கள். வகுப்புத் தோழரின் சிரிப்பு வகுப்பின் தரவு ஆகக் கூடாது. நீர் மட்டுமே மேசைக்கு வரட்டும். இன்னொன்று, முடிவை அறிவிப்பது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைக்கிறது. மாணவரின் அளவீடு 1.6 என்று காட்டினால், பிழை எல்லையைச் சொல்லாமல் ஊராட்சியில் போய்ப் படிப்பது பொறுப்பற்ற செயல். சொல்லாமல் பதிவேட்டில் மூடிவைப்பதும் அப்படியே. மூன்று முறை அளந்து, பரவலைக் கணக்கிட்டு, சந்தேக மாதிரிகளைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் எண்ணைத் தம் எண்ணோடு பக்கத்தில் எழுதி மாணவர் விளக்க வேண்டும். செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் பாதியை அந்த விளக்கத்துக்கு ஒதுக்கலாம்.