கண்ணெழுத்தும் பார்கோடும்

பௌர்ணமிக்கு முந்தைய மாலையில் திருவண்ணாமலையின் பலசரக்குக் கடைகளில் பில் போடும் இடத்தைக் கவனித்திருப்பவர்களுக்கு அந்த ஒலி பழகியிருக்கும். கற்பூரம், தீப்பெட்டி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், நெய் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் நகர, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பீப்'. கிரிவலம் புறப்படும் கூட்டத்தில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. பில் போடும் பெண் மட்டும் அரைக்கண்ணால் பார்க்கிறார். எப்போதாவது அவர் கை நின்றுவிடுகிறது. கையில் இருப்பது அரை லிட்டர் நெய். திரையில் வந்திருப்பது சூரியகாந்தி எண்ணெய். பொருளுக்கும் அதன் மேல் உள்ள குறிக்கும் இடையே ஏதோ பிசகிவிட்டது. அந்தப் பிசகை யார், எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு நாம் நினைப்பதைவிட நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்புக் கோடுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். அவை பொருளின் பெயரைச் சொல்வதில்லை, விலையையும் சொல்வதில்லை. 13 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை மட்டுமே சொல்கின்றன. பெயரும் விலையும் கடையின் கணினிப் பட்டியலில் இருப்பவை. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் அது 1996-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பதிவு அமைப்பிடம் (இப்போது ஜி.எஸ்.1 இந்தியா) நிறுவனம் எண் வாங்கியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே தயாரானது என்பது அதில் இல்லை. ரமணாசிரமத்தை ஒட்டிய கடைகளில் பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு எண்கள் கொண்ட பொட்டலங்கள் தென்பட்டால் அவற்றுக்கும் இதே விதிதான்.

அந்த 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. முதல் 12 இலக்கங்களை ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையை, பத்தின் மடங்காக்கத் தேவையான எண் அது. 890123456789 என்ற எண்ணுக்கு இந்தக் கூட்டல் 130 வரும். ஏற்கனவே பத்தின் மடங்கு என்பதால் காவல் இலக்கம் சுழியம். ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் கணக்கு இடித்துவிடும், ஸ்கேனர் ஒலிக்காது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஐந்து வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கங்கள், உதாரணமாக 1-உம் 6-உம், இடம் மாறினால் மட்டும் தொகை சரியாகப் பத்து குறையும் அல்லது கூடும், காவலாளி ஏமாந்துவிடுவான்.

ஆனால் இந்தக் காவல் முழுவதும் எண்ணுக்கு மட்டுமே. எண் தனக்குத்தானே உண்மையாக இருக்கிறதா என்று அது பார்க்கும். எண்ணெய்யின் எண் நெய்யின் மேல் ஒட்டப்பட்டிருந்தால், எண்ணில் எந்தப் பிழையும் இல்லை. இயந்திரம் சந்தேகமின்றி ஒலிக்கும்.

நார்மன் ஜோசஃப் உட்லண்ட் 1940-களின் இறுதியில் மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி விரலால் இழுத்துப் பார்த்தபோது பிறந்த யோசனை இது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952 அக்டோபர் 7 அன்று காப்புரிமை பெற்றார்கள். அதைப் படிக்கும் மலிவான லேசரும் கணினியும் வர இருபது ஆண்டுகள் ஆயின. ஐ.பி.எம்.மின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த குறியீடு 1973-இல் ஏற்கப்பட்டது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், மார்ஷ் கடையில், 67 சென்ட் விலையுள்ள ஒரு ரிக்லி சூயிங்கம் பொதி முதன்முதலாக ஸ்கேனரைக் கடந்தது. வரிசையை விரைவாக நகர்த்துவதும் கையால் விலை தட்டும்போது வரும் பிழையை ஒழிப்பதும்தான் நோக்கம். இரண்டும் நிறைவேறின. கைப்பிழை போய், ஒட்டுப்பிழை வந்தது.

பொருளின் மேல் அதன் அடையாளத்தை எழுதி, ஆளற்ற இடத்தில் அதை நம்பி விட்டுவிடுவது தமிழ் மனத்துக்குப் புதியதல்ல. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படித்தவர்கள் புகாரின் வெள்ளிடை மன்றத்தை நினைவுகூரலாம். வெளியூர் வணிகரின் பொதிகள் அங்கே குவிந்திருக்கின்றன. உரியவரின் பெயர் பொறித்து, எண்ணிக்கையிட்டு, 'கண்ணெழுத்து' இட்ட பொதிகள். அவற்றுக்குக் கதவில்லை, தாழில்லை, காவலரும் இல்லை. திருட வந்தவன் தலையில் அந்தப் பொதியையே ஏற்றிச் சுழலவைக்கும் மன்றம் அது. பட்டினப்பாலையிலோ சுங்கம் கொள்வோர் இருக்கிறார்கள். அளவிட முடியாமல் வந்து குவியும் பண்டங்களில் சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஒரு நகரம், இரண்டு குறிகள். ஒன்று வணிகனுடையது, மற்றொன்று அரசனுடையது. இன்றைய பொட்டலத்தின் மேல் உள்ள பார்கோடும் சட்டம் கேட்கும் எம்.ஆர்.பி.யும் எனக்கு இந்த இரட்டையையே நினைவூட்டுகின்றன.

குறியை மாற்றி ஒட்டுவதைத் தனிக் குற்றமாகவே பிரித்துப் பார்த்த பழைய நூல் அர்த்தசாஸ்திரம். அதன் ஓலைச்சுவடி தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கையிலிருந்து மைசூர் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆர். சாமாசாஸ்திரி 1909-இல் பதிப்பித்தார். சுங்க அதிகாரி பற்றிய பகுதியில், வாயிலில் நான்கைந்து பேர் அமர்ந்து, வணிகர் யார், எங்கிருந்து வருகிறார், சரக்கு எவ்வளவு, முதல் முத்திரை எங்கே இடப்பட்டது என்று எழுதிக்கொள்கிறார்கள். முத்திரை இல்லாவிட்டால் சுங்கம் இரட்டிப்பு. போலி முத்திரையானால் எட்டு மடங்கு. அரச முத்திரையை மாற்றினாலோ பெயரை மாற்றினாலோ சுமைக்கு ஒன்றேகால் பணம். இந்த வரிசையில் ஒரு நுட்பம் தெரிகிறது. இல்லாத முத்திரையைப் புனைவது வேறு. இருக்கும் முத்திரையை இடம் மாற்றுவது வேறு. இரண்டாவதில் முத்திரை உண்மையானது, இணைப்புதான் பொய். அதைப் பிடிக்க முத்திரையை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை.

பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் இலக்கியத்தின் ஆகப்பெரிய சாட்சியம் மதுரையில் நிகழ்ந்தது. கோவலன் கையில் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. அடையாளத்தை உறுதி செய்தவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. பாண்டியன் சிலம்பைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் உள்ளே முத்தல்ல, மாணிக்கம் என்று தெரிகிறது. புகாரின் கண்ணெழுத்தை வியந்து பாடிய காப்பியமே, வெளித்தோற்றத்தை நம்பியதன் விலையையும் பாடியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒரு வணிகக் குடும்பத்தின் கதையில் அது வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

உடைக்காமல் உள்ளே இருப்பதை அறிய வழி உண்டா? உண்டு, நிறுத்துப் பார்ப்பது. இதை மிக விரிவாகச் செய்தவர்கள் சோழர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஒவ்வொரு நகையையும் பெயர் சொல்லி, மணிகளை வகைப்படுத்தி எண்ணி, அரக்கும் சட்டமும் சேர்த்து இவ்வளவு எடை என்று பதிகின்றன. நிறுத்த கல்லுக்கும் பெயர் உண்டு: பொன்னுக்கு 'ஆடவல்லான்', மணிகளுக்கு 'தட்சிணமேருவிடங்கன்'. செப்புத் திருமேனிகளானால் முழம், விரல் என்று உயரமும், எத்தனை கைகள் என்பதும் வரும். நெல்லும் நெய்யும் அளக்கும் மரக்கால், 'ராஜகேசரி'க்கு ஒத்த 'ஆடவல்லான்'. வாசிக்கச் சலிப்பூட்டும் பட்டியல்கள் என்று பலர் ஒதுக்கிவிடும் பகுதி இது. ஆனால் ஒரு நகையை எடுத்துவிட்டு அதன் பெயரில் வேறொன்றை வைத்தால், பெயர் ஏமாறும். மணிகளின் எண்ணிக்கையும் எடையும் சேர்ந்து ஏமாறுவது கடினம். கல்லில் வெட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

திருவண்ணாமலைக் கோயிலிலும் சோழர் காலம் தொட்டு விஜயநகரக் காலம் வரை கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. பி.ஆர். சீனிவாசன் பதிப்பில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றை 1990-இல் வெளியிட்டது. சோழர் காலக் கோயில்களில் நந்தாவிளக்குக் கொடை என்பது ஏறக்குறைய ஒரு வாய்பாடு. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள். அவை 'சாவா மூவாப் பேராடு', சாகாத, மூப்படையாத ஆடுகள். தஞ்சையில் அதற்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாமலிருக்காது, இடையர் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும் என்பதே பொருள். கல்லில் எண் நிலைத்திருக்கிறது. மந்தையில் உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பதற்கு அன்றாடச் சோதனை, உழக்கில் விழும் நெய்தான். ஒரு கணினிப் பட்டியலையும் கடையின் அலமாரியையும் ஒத்துப்பார்க்கும் வேலைக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

எடை என்னும் அந்தச் சாட்சி 1980-களில் அமெரிக்கக் கடைகளுக்குத் திரும்பி வந்தது. வாடிக்கையாளரே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரங்கள் வந்தபோது, விலையுயர்ந்த பொருளின் மேல் மலிவான பொருளின் ஸ்டிக்கரை ஒட்டிக் கடத்துவது எளிதாயிற்று. எனவே பைக்குக் கீழே தராசு வைத்தார்கள். ஸ்கேன் ஆன எண்ணுக்குரிய எடை கணினியில் இருக்கும்; பையில் விழுந்த எடை அதற்கு ஒத்துவராவிட்டால் இயந்திரம் நின்று ஊழியரை அழைக்கும். இன்று அதற்கு மேல் காமிராவும் பொருளின் உருவத்தை ஒப்பிடுகிறது. ஆனால் ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களைத் தராசு பிரித்தறியாது. அரைக் கிலோ துவரம்பருப்பும் அரைக் கிலோ கடலைப்பருப்பும் அதற்கு ஒன்றே.

நம் ஊர்க் கடைகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான். மூட்டையாக வாங்கிய பருப்பைக் கடையின் பின்புறத்தில் கட்டி, கடையே அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். உலக ஒழுங்கில் 2 என்று தொடங்கும் எண்கள் இத்தகைய உள்வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. ஒரு சுருள் ஸ்டிக்கர் மாறினால் ஒரு கூடைப் பொட்டலம் முழுவதும் மாறிவிடும். இதில் களவு ஏதுமில்லை, அசதிதான்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு பிசகும் உண்டு. அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின் மேலேயே, எல்லா வரிகளும் உட்பட அச்சிட வேண்டும் என்பது நம் சட்டம். விலை மாறும்போது நிறுவனங்கள் பெரும்பாலும் பார்கோடை மாற்றுவதில்லை. எனவே ஒரே எண், பழைய சரக்கில் ஒரு விலை, புதிய சரக்கில் வேறு விலை. ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு மூன்று விலைகள் எழுந்து 'எது?' என்று கேட்கும். பொட்டலத்தைத் திருப்பி, மங்கிய மையில் உள்ள விலையைப் படித்து, பில் போடும் பெண் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய விலையின் பக்கத்தில் புதிய விலை ஸ்டிக்கர் ஒட்ட அனுமதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதும் கையிருப்புச் சரக்குக்கு அதே ஏற்பாடு. கார்த்திகை தீபத்துக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருந்த நேரம். மலையுச்சிக் கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் போகும் ஊரில், வீட்டு விளக்குக்கு நெய் வாங்கும் கூட்டமும் சிறிதல்ல. ஒரே நெய், ஒரே எண், இரண்டு விலை. இதில் எந்த இயந்திரமும் உதவிக்கு வராது.

இப்படி எல்லாச் சாட்சிகளும் கைவிட்ட பிறகு எஞ்சுவது அவருடைய கண். மாலை ஆறு மணியிலிருந்து நின்றபடி, நிமிடத்துக்குப் பல பொட்டலங்களை நகர்த்தும் கண். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தியது.) பிசகைப் பிடித்தால் வரிசை நிற்கும், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பிடிக்காவிட்டால் கணக்கு இடிக்கும். மலிவாகப் போன சரக்கின் இழப்பை ஊதியத்தில் பிடிக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் இதற்கு ஒரு வரம்பு வைத்தது: இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அந்த வரம்பைத் தொடர்கிறது. பின்புறத்தில் சுருள் மாறியதா, வாடிக்கையாளர் மாற்றி ஒட்டினாரா, பட்டியலில் பிழையா, பில் போட்டவர் பார்க்கத் தவறினாரா என்று பிரித்தறியாமல் இந்த வரம்பைக் காப்பது இயலாது. பில்லிலோ எண் மட்டுமே இருக்கிறது. எந்தப் பொட்டலத்தின் மேல் அந்த எண் இருந்தது என்பதற்கு, பொட்டலம் போன பிறகு, சாட்சியமில்லை.

வாசலில் இன்னொருவர் நிற்கிறார். நீலச் சட்டை, கையில் ரப்பர் முத்திரை. பில்லை வாங்கி, பைக்குள் எட்டிப் பார்த்து, உதடு அசைய எண்ணுகிறார். பத்துப் பொருள் என்றால் பத்து இருக்கிறதா என்பதே அவர் வேலை. எது எது என்பதல்ல. எண்ணிக்கை சரியாக இருந்தால் பில்லின் மேல் முத்திரையைக் குத்தி அனுப்புகிறார்.