ஆங்கில வினைத்தொடர்களும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும்



ஆங்கிலத்தில் கடினமானவை நீண்ட சொற்களே என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. ஆனால், நம் மாணாக்கர்களை இடறச் செய்பவை கெட், புட், டேக், கிவ், கோ, லுக் போன்ற சின்னஞ்சிறு வினைகளே. 'புட்' என்றால் 'வை' என்று முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கிறோம். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுதல். 'புட் அவுட்' என்றால் நெருப்பை அணைத்தல். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். 'வை' என்னும் பொருள் இவற்றுள் எங்கே போயிற்று என்று பிள்ளை திகைக்கிறது. 'ஃபிரேசல் வெர்ப்' எனப்படும் இவ்வமைப்பை வினைத்தொடர் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். இதன் வரலாற்றை அறிந்தால் கற்பிக்கும் வழியும் தெளிவாகும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னொட்டாக நின்றன. காலப்போக்கில் அவை வினைக்குப் பின்னால் நகர்ந்து தனிச்சொற்களாயின. வடநாட்டிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியரிடமிருந்து 'கெட்', 'டேக்' ஆகிய வினைகள் வந்து சேர்ந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சு மொழி ஓங்கியது. சமயத்திலும் கல்வியிலும் இலத்தீன் கோலோச்சியது. இதனால் ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் உருவாயின. 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டாலரேட்' என்பன இலத்தீன் வழிவந்த ஏட்டுச் சொற்கள். அதே பொருளில் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்பன வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்கள்.

அயலார்க்கு இவை பெரும் இடர் தருவன என்பதை 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே எடுத்துரைத்தார். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரை வழங்கினார். அப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறிப்பிட்டார்.

1930இல் சி.கே. ஆக்டன் 850 சொற்களே கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய ஆங்கிலத்தை அறிமுகப்படுத்தினார். அதில் வினைகள் 18 மட்டுமே. 'என்டர்' என்னாமல் 'கோ இன்' என்றும், 'கிளைம்ப்' என்னாமல் 'கோ அப்' என்றும் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. சொற்களின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால், அவற்றின் சேர்க்கைகளையும் அச்சேர்க்கைகள் தரும் புதுப்பொருள்களையும் தனியே கற்க வேண்டியிருந்தது. சொல் சிறியதானால் பாடம் எளிதாகிவிடும் என்பது பொய்யென அம்முயற்சியே காட்டியது.

இம்மொழி நம் மண்ணுக்கு எவ்வழியே வந்தது? ஈப்போவுக்கு வடக்கே உள்ள எங்கள் செமோர், ஈயச் சுரங்கங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே வளர்ந்த ஊர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளில் தமிழ் இருந்தது. ஆங்கிலக் கல்வியோ நகரத்தில் இருந்தது. ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895இலும் ஆண்டர்சன் பள்ளி 1909இலும் தொடங்கின. கட்டணமும் பயணச் செலவும் பால்மரம் வெட்டும் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயின. தோட்டத்தில் ஆங்கிலம் பேசியவர்கள் துரைமாரும், பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிராணிமாருமே. அவர்கள் பேச்சு கங்காணியின் வாய்வழியாகத் தொழிலாளியை அடைந்தபோது அது ஏவலாகவே அடைந்தது. வினைத்தொடர்களோ உரையாடலில் உயிர்வாழ்பவை. உரையாட இடமில்லாதவர்க்கு அவை எங்ஙனம் வாய்க்கும்?

விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடமாக நிலைபெற்றது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிப் பள்ளிகளாக மாறின. இதற்கிடையே தெருவில் வேறோர் ஆங்கிலம் வளர்ந்தது. மலாயில் விளக்கைப் போடுவதற்கு 'புக்கா', அதாவது 'திற' என்பர். அணைப்பதற்குத் 'தூத்துப்', அதாவது 'மூடு' என்பர். ஈப்போவில் செல்வாக்குள்ள கண்டோனீய மொழியிலும் விளக்கைத் 'திறப்பதே' வழக்கம். ஆகவே, இங்கு 'ஓப்பன் த லைட்', 'குளோஸ் த ஃபேன்' என்பன இயல்பாயின. 'ஸ்விட்ச் ஆன்' என்னும் தொடரில் வினை உதிர்ந்துபோய், 'ஆன் த ஃபேன்' என்று ஒட்டுச் சொல்லே வினையாயிற்று. நாமோ 'ஆன் பண்ணு', 'ஆஃப் பண்ணு' என்று அதைத் தமிழ் வினையாக்கிக்கொண்டோம். இவை மும்மொழிச் சூழல் ஈன்ற வழக்குகள். இவற்றைப் பேசும் பிள்ளையை எள்ளி நகையாடாமல், ஏட்டு வழக்கு இஃது, ஊர் வழக்கு இஃது எனப் பிரித்துக் காட்டுவதே ஆசிரியர் கடமை.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது இச்சிக்கலின் ஆழம் வெளிப்பட்டது. 'ஆக்சிஜன்' என்பது கலைச்சொல். எம்மொழியினர்க்கும் அது புதிதே, கற்றுக்கொள்ளலாம். ஆனால், 'டேக் இன்', 'கிவ் ஆஃப்', 'மேட் அப் ஆஃப்' என்பனவற்றை யாரும் கலைச்சொல்லாகக் கற்பிப்பதில்லை. கணக்கில் 'டேக் அவே' என்றால் கழித்தல். 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்' என்று கேட்டால், 'லெஃப்ட்' என்பதை இடப்பக்கம் என்று மட்டுமே அறிந்த பிள்ளை என்ன செய்யும்? கழிக்கத் தெரிந்த பிள்ளையும் கணக்கில் தோற்றுப்போகும். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. எனினும், அது கற்பித்த பாடத்தை நாம் கைவிடலாகாது.

இதற்கு மருந்து நம் தாய்மொழியிலேயே உள்ளது. 'ஒத்தி' என்பதும் 'போடு' என்பதும் கூடி 'ஒத்திப்போடு' ஆகிறது. அங்கே எதையும் கீழே போடுவதில்லை. 'கண்டுபிடி' என்னும்போது கையால் எதையும் பிடிப்பதில்லை. அது 'ஃபைண்ட் அவுட்'. 'விட்டுக்கொடு' என்பது 'கிவ் இன்'. 'பார்த்துக்கொள்' என்பது 'லுக் ஆஃப்டர்'. 'கைவிடு' என்பது 'கிவ் அப்'. இரண்டு எளிய சொற்கள் கூடி மூன்றாவதொரு பொருளைப் பெறும் வித்தையை நம் பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே கற்றுவிட்டனர். ஆங்கிலத்தில் துணைச்சொல் பின்னால் வருகிறது, சில வேளைகளில் விலகியும் நிற்கிறது என்பதே அவர்கள் புதிதாய் அறிய வேண்டியது.

எனவே, ஐம்பது வினைத்தொடர்களைப் பட்டியலிட்டு மனனம் செய்யச் சொல்வதை விடுவோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது; பட்டியலுக்கு அத்தேர்வைக் காரணம் காட்ட இனி இயலாது. நாளுக்கு ஒரு தொடர் போதும். காலையில் 'கெட் அப்', காலணி அணிகையில் 'புட் ஆன்', கழற்றுகையில் 'டேக் ஆஃப்' எனச் செயலோடு சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கிணையான தமிழ்த் தொடரைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழையுங்கள். பெற்றோர் ஆங்கிலப் புலமை பெற்றிருக்க வேண்டியதில்லை. நல்ல தமிழில் பிள்ளையோடு உரையாடினாலே பாதிப் பணி முடிந்தது.

தோட்டத்தில் நம் முன்னோர்க்கு ஆங்கிலம் ஏவலாக வந்தது. நம் பிள்ளைகளுக்கு அஃது உரையாடலாக வரட்டும்.