இடியாப்பச் சிக்கலும் ஒரு கடிதமும்

மோசமான நிரலைப் பார்த்தால் "எழுதினவன் சோம்பேறி" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1959-ல் வந்த ஐ.பி.எம். 1401 கணிப்பொறியின் ஆகச் சிறிய மாடலில் 1,400 எழுத்துகள்தான் அடங்கும். இந்தக் கட்டுரையே அதில் கொள்ளாது! இடத்தை மிச்சம் பிடிப்பவர்தான் அன்று கெட்டிக்கார புரோகிராமர். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியதும் அதனால்தான். அந்தச் சிக்கனமே பிறகு ஒய்2கே பிரச்சினையாக வந்து நின்றது.

அடுத்தது 'கோடூ' கட்டளை. நிரலின் ஒரு வரியிலிருந்து வேறு எந்த வரிக்கும் தாவலாம். எழுதுகிறவருக்கு வசதி, பிறகு படிப்பவருக்கோ இடியாப்பச் சிக்கல். எந்த நூல் எங்கே போகிறது என்றே தெரியாது.

1966-ல் போம், யாக்கோபினி என்ற இருவர், வரிசை, தேர்வு, சுழற்சி ஆகிய மூன்று அமைப்புகளைக் கொண்டே எந்த நிரலையும் எழுதலாம் என்று நிறுவினார்கள். 1968 மார்ச்சில் டைக்ஸ்ட்ரா, கோடூ தீங்கானது என்று ஒரு கடிதம் எழுதினார். அவர் வாதம் எளிமையானது. ஓடிக்கொண்டே இருப்பதை மனதில் பிடித்துவைக்க மனித மூளைக்குச் சிரமம். ஆகவே நிரல் ஓடும் வழி, அதைப் படிக்கும்போதே தெரிய வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய வல்லுநர்கள், மென்பொருள் நெருக்கடி பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள்.

1971-ல் வெய்ன்பெர்க் இன்னொரு காரணத்தைச் சொன்னார். தன் நிரலைத் தன்னில் ஒரு பகுதியாக நினைப்பவருக்கு அதன் பிழை கண்ணில் படாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே! அதனால் அடுத்தவர் படிக்க வேண்டும் என்றார். 1976-ல் ஐ.பி.எம்.மின் ஃபேகன், சோதனை ஓட்டத்துக்கு முன்பே பலர் உட்கார்ந்து நிரலைப் படித்துப் பார்க்கும் முறையை வகுத்து வெளியிட்டார்.

அப்படியானால் கோடூவை ஒழித்தால் போதுமா? போதாது. சில இடங்களில் அது பயன்படும் என்று 1974-லேயே க்னூத் எழுதினார். ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரே கோடூ வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற, பாதுகாப்பு இணைப்பின் கையொப்பச் சோதனையே நடக்காமல் போனது 2014-ல் தெரியவந்தது. கோடூவை மட்டும் அங்கே குற்றம் சொல்ல முடியாது. கவனமாகப் படித்த இரண்டாவது ஜோடிக் கண்கள் அதைப் பிடித்திருக்கலாம்.

நம் கல்லூரி லேப்களில் 'அவுட்புட்' வந்தால் மார்க் உண்டு. நிரலை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. பக்கத்து நண்பரிடம் கொடுத்து, "இது என்ன செய்கிறது, சொல்" என்று கேட்டுப் பாருங்களேன். அவர் விழித்தால், திருத்த வேண்டியது நண்பரை அல்ல!