மாவுக்காகத் தோண்டிய செடியும் மறைந்துபோன பட்டாம்பூச்சியும்

தோட்டத்தில் நாலு பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரும்தான். தேன் குடிக்கும், போய்விடும். அது தங்கி, முட்டையிட்டு, குடும்பம் நடத்த வேண்டுமென்றால் பூ மட்டும் போதாது. அதன் புழு தின்பதற்கு இலை வேண்டும். அதுவும் ஏதோ ஒரு இலை அல்ல, அந்தப் புழுவுக்கென்றே உள்ள இலை! கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். எருக்கஞ்செடியில் வரிவரியாக ஒரு புழு இருக்கும். இவையெல்லாம் நாளைய பட்டாம்பூச்சிகள். இப்படிப் புழுவுக்குச் சோறு போடும் செடியை உணவுச் செடி என்கிறார்கள்.

அந்த உணவுச் செடியே இல்லாமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அது நடந்தது. போன செடியைத் திரும்ப வைத்தால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே நடந்தது.

அடாலா

அந்தப் பட்டாம்பூச்சியின் பெயர் அடாலா. கியூபாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் பெலிப்பே போயே 1832ல் இதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். கியூபா, பகாமாஸ் தீவுகள், புளோரிடாவின் தென்கிழக்குக் கரை ஆகியவைதான் இதன் ஊர். சிறகை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும். கருப்புச் சிறகில் வரிசை வரிசையாக மின்னும் நீலப் பச்சைப் புள்ளிகள், செக்கச் சிவந்த வயிறு. புழுவும் சிவப்புதான், முதுகில் இரண்டு வரிசை மஞ்சள் புள்ளிகள்.

இந்தப் பளிச்சென்ற நிறம் ஓர் எச்சரிக்கைப் பலகை. புழு தின்னும் இலையில் சைக்காசின் என்ற நஞ்சு இருக்கிறது. புழு அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியான பின்பும் அது உடம்பிலேயே இருக்கும். அதனால் பறவைகள் தொடுவதில்லை. பயமில்லாததால் அடாலா அவசரப்படாது, மெதுவாகத்தான் பறக்கும்.

கூன்டி

அந்த நஞ்சுள்ள செடிதான் கூன்டி. பார்ப்பதற்குச் சின்னப் பனை போலவோ பெரணி போலவோ இருக்கும், ஆனால் இரண்டும் அல்ல. சைக்கஸ் வகையைச் சேர்ந்த, டைனோசர் காலத்திலிருந்து வரும் பழைய குடும்பம். அமெரிக்கப் பெருநிலத்தில் இயற்கையாக வளரும் ஒரே சைக்கஸ் இதுதான். தண்டு மண்ணுக்குள் கிழங்கு மாதிரிப் பருத்திருக்கும். மிக மெதுவாக வளரும்.

அந்தத் தண்டு முழுக்க மாவுச்சத்து. நஞ்சும் கூடவே இருக்கிறது. செமினோல் பழங்குடிகளுக்கு அதை நீக்கத் தெரிந்திருந்தது. இடித்து, தண்ணீரில் கரைத்து, திரும்பத் திரும்ப அலசி, அடியில் தங்கும் மாவைக் காயவைத்து ரொட்டி சுட்டார்கள். கூன்டி என்ற பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. 1817 முதல் 1858 வரை விட்டு விட்டு நடந்த செமினோல் போர்களில் அமெரிக்க ராணுவம் துரத்த, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குள் ஒதுங்கிய மக்களின் பசியை ஆற்றிய உணவுகளில் இதுவும் ஒன்று.

ஆலைகள் வந்தன

வெள்ளைக் குடியேறிகள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 1840களிலேயே மயாமி ஆற்றங்கரையில் கூன்டி அரைக்கும் ஆலை வந்துவிட்டது. மயாமி ஒரு நகரமாக ஆவதற்கு (அது 1896ல்தான்) ஐம்பது வருடம் முன்பே அங்கே நடந்த தொழில் இது! மாவு 'புளோரிடா ஆரோரூட்' என்ற பெயரில் வெளியூர்களுக்குப் போனது. பிஸ்கட் செய்தார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்கும் போனது. ஏழைக் குடியேறிகளுக்குக் கையில் காசு பார்க்க அதுவே வழி. காட்டுக்குப் போ, தோண்டு, மூட்டை கட்டு, ஆலையில் போடு.

தோண்டியவர்கள் திரும்ப நடவில்லை. நட்டிருந்தாலும் பலன் கிடைக்கப் பல வருடம் ஆகும். இதற்கிடையே 1896ல் ரயில் வந்தது. கூன்டி வளர்ந்த பைன் காடுகள் வீட்டு மனைகளாயின. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வெளியே அந்தப் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. 1920களின் நடுவில் கடைசி ஆலையும் மூடப்பட்டது.

காணாமல் போனது

1888ல் பூச்சியியலாளர் இ.ஏ. ஷ்வார்ட்ஸ் தென் புளோரிடாவில் எளிதில் கண்ணில் படும் பூச்சி என்று அடாலாவைப் பற்றி எழுதினார். ஐம்பதே வருடத்தில் நிலைமை தலைகீழ். 1937க்குப் பிறகு புளோரிடாவில் யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

1959ல் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. பிறகு மறுபடியும் காணவில்லை. 1979ல் மயாமியை ஒட்டிய வர்ஜீனியா கீ என்ற தீவில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இந்த முறை ஆர்வலர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. முட்டைகளையும் புழுக்களையும் உணவுச் செடியோடு சேர்த்துப் பூங்காக்களுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்.

ஆனால் பூங்கா மட்டும் இதைக் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியது வீட்டு வாசல். அந்த வருடங்களில் நர்சரிக்காரர்கள் கூன்டியை விதையிலிருந்து வளர்த்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, எப்போதும் பச்சை. வீடு, அலுவலகம், சாலையோரம் எங்கும் வரிசையாக நட்டார்கள். நட்டவர்களில் பலருக்கு அடாலா என்று ஒன்று இருப்பதே தெரியாது. அழகுக்காக நட்டார்கள். பட்டாம்பூச்சி தன் சாப்பாட்டைத் தேடி வந்துவிட்டது! மயாமியில் தொடங்கி வடக்கே பாம் பீச் வரை பரவியது.

புதிய சண்டை

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடாலா முட்டைகளைக் கொத்தாக இடும். பொரித்து வரும் புழுக்கள் சில நாளிலேயே செடியை மொட்டையடித்துவிடும். காசு கொடுத்து வாங்கிய செடி ஈர்க்குச்சியாக நிற்பதைப் பார்த்துப் பலர் மருந்து அடித்தார்கள். தாவரவியல் தோட்டங்களுக்கு இன்னும் பெரிய தலைவலி. உலகெங்கும் அருகிவரும் சைக்கஸ் செடிகளை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள், புழுவுக்கு அவையும் ருசிக்கின்றன. ஒரு காலத்தில் அழிந்ததாக எழுதப்பட்ட பூச்சிக்கு இப்போது 'தொல்லை' என்று பெயர்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியில் புதுக்குருத்து வரும்போது 'பிளெயின்ஸ் க்யூபிட்' என்ற சிறு நீலப் பட்டாம்பூச்சி முட்டையிடும், குருத்து போய்விடும். செடியின் சொந்தக்காரர் கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவார். அதே ஆள் பட்டாம்பூச்சி வரட்டும் என்று இன்னொரு மூலையில் பூச்செடியும் வைத்திருப்பார்!

கூன்டியின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இலை மொத்தமும் போனாலும் கூன்டி பெரும்பாலும் சாவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு புது இலை விடும். எந்த மாவுக்காக மனிதன் அதைத் தோண்டினானோ, அந்த மாவுதான் புழு தின்ற பிறகும் செடியை எழுப்புகிறது. புழு இலையை மட்டும் எடுத்துக்கொண்டது, அதனால் இரண்டும் காலம் காலமாகச் சேர்ந்து வாழ்ந்தன. மனிதன் தண்டையே எடுத்தான், நூறு வருடத்துக்குள் இரண்டும் போயின.

புளோரிடாவில் விவரம் தெரிந்தவர்கள் இப்போது ஒரு செடியோடு நிறுத்துவதில்லை. கூட்டமாக நடுகிறார்கள். சிலது மொட்டையாகும், சிலது தப்பும், மொட்டையானது திரும்பத் துளிர்க்கும். பக்கத்தில் தேனுக்குச் சில பூச்செடிகள். மருந்து கிடையாது. வேறு ரகசியம் எதுவும் இல்லை. ஓட்டை விழுந்த இலையைப் பொறுத்துக்கொள்ளும் தோட்டத்தில்தான் பட்டாம்பூச்சி பிறக்கும்.